கால் நீட்ட இடம்

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் சிலர் சாமி படத்தைப் பார்ப்பார்கள், சிலர் அடுக்களையை எட்டிப் பார்ப்பார்கள். ஆயாம்மா தரையைப் பார்ப்பார். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை கண்ணாலேயே ஒரு நடை நடந்துவிட்டு, "காலு நீட்ட எடம் இருக்கா?" என்று கேட்பார். கல்யாண வீடானாலும் அதே கேள்வி, சர்ச்சில் புது பெஞ்சு வாங்கிப் போட்டாலும் அதே கேள்வி. பாஸ்டர் ஒருமுறை, "ஆயாம்மாவ மோட்சத்துக்குக் கூட்டிட்டுப் போனா வாசல்லயே நின்னு கேக்கும்" என்று பிரசங்கத்தின் நடுவில் சொல்ல, சபையே சிரித்தது. ஆயாம்மா சிரிக்கவில்லை. "கேக்கத்தான் செய்வேன்" என்றார்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுத மனம் வரவில்லை. கேட்காமல் ஒருமுறை அவர் பொருளில் கை வைத்தவன் நான். இப்போது பெயரிலும் கை வைக்க வேண்டாம்.

எழுபதுகளின் நடுவில், வண்டிப்பெரியாருக்கு மேலே, ஜீப் மட்டும் முக்கி முனகி ஏறும் ஒரு தேயிலை எஸ்டேட்டின் தமிழ்ப் பள்ளிக்கு நான் வாத்தியாராகப் போனேன். சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளி. எங்கள் வீட்டு நெல் காயப்போடும் களத்தில் அந்த எஸ்டேட்டின் ஒரு லயத்தை அப்படியே தூக்கி வைத்துவிடலாம். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் பத்து வீடுகள், வீட்டுக்கு ஓர் அறை, அறைக்கு ஆறேழு பேர். ஆயாம்மா அப்படி ஓர் அறையில் பிறந்து, அப்படி இன்னோர் அறைக்கு வாழ்க்கைப்பட்டு, அங்கேயே புருஷனை இழந்தவர். "சின்னதுல எங்க அண்ணன் வயித்துலதான் என் காலு இருக்கும் சார். அவுக கல்யாணம் கட்டிப் போன அன்னைக்குத்தான் நீட்டுனேன். அப்பம் தூக்கம் வரல" என்று ஒருநாள் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். களத்து வீட்டுக்காரனுக்கு அது சிரிப்பாகத்தான் பட்டது.

தோட்டத்துக்கு இலை பறிக்கப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் காப்பகம் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த கொட்டகை. அதுதான் ஆயாம்மாவின் ராஜ்ஜியம். வயது நாற்பத்தைந்து இருக்கும். குட்டை, கனத்த தோள், பின்னங்கழுத்தில் எலுமிச்சை அளவு கொண்டை. பிள்ளையைக் கூட்டிப் போக நேரம் கழித்து வரும் தாய்மார்களை அவர் ஏசும் ஏச்சு மூன்றாம் லயம் வரை கேட்கும். யாரையும் பாராட்டிப் பேசியதாக எனக்கு நினைவில்லை. நான் போய்ச் சேர்ந்த அன்று என் அறைக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடத்தை வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு பழைய தேயிலைப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார்.

"ஏனுங்க ஆயாம்மா, இது எதுக்குங்க?"

"கட்டிலுக்குக் கால்மாட்டுல போடுங்க சார். ஒங்க ஒசரத்துக்குக் காலு வெளிய தொங்கும். குளிர்ல மரத்துப் போகும்." வாசல் வரை போய்த் திரும்பி, "இந்த 'ங்க' எல்லாம் எங்க வாங்குறீக சார், கிலோ என்ன வெல?" என்றார்.

அந்தப் பெட்டி நான் அங்கே இருந்த வரை என் கால்மாட்டில் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டும் ஆள் ஒருவர், ஆறடிக்கு மேல் உயரம், காய்ச்சலில் இறந்துபோனார். ஆசாரி எப்போதும் செய்யும் அளவிலேயே சவப்பெட்டியைச் செய்துவிட்டார். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி வைத்து மூடி ஆணியடிக்கப் போகிற நேரத்தில் ஆயாம்மா பெட்டியின் மேல் கையை ஊன்றி நின்றுகொண்டார். "உசிரோட இருந்த நாளெல்லாம் மடக்கித்தான் படுத்தாக. மேல போயும் மடக்கணுமா?" ஊரே வைதது. பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆசாரி கால்மாட்டுப் பலகையைக் கழற்றி ஒரு சாண் கூட்டிச் செய்த பிறகுதான் ஆயாம்மா கையை எடுத்தார்.

இதையெல்லாம் பார்த்தவன் நான். பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பழைய துரை, அதாவது எஸ்டேட் மேனேஜர், மாற்றலாகிப் போனபோது அவர் பிள்ளைகள் விளையாடிய பிளாஸ்டிக் கட்டுக்கற்களை ஒரு பெட்டி நிறையக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றின் தலையில் ஒன்றை வைத்து அழுத்தினால் 'டிக்' என்று பிடித்துக்கொள்ளும் கற்கள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள், நீலம், அடியில் போடப் பெரிய பச்சைத் தகடு ஒன்று. கல்லின் தலையில் இருக்கும் குமிழ்களை ஆயாம்மா மொட்டு என்பார். எட்டு மொட்டுக் கல், நாலு மொட்டுக் கல், ரெண்டு மொட்டுக் கல். இலை பறிக்கிற ஊரில் வேறு எப்படிச் சொல்வார்கள்? பிள்ளைகள் தூங்கும் மதிய நேரத்தில் அவர் தனியாக உட்கார்ந்து அந்தக் கற்களை இனம் பிரித்து வைப்பார். பெட்டி மூடியில் ஓட்டுவீட்டுப் படம் ஒன்று இருந்தது. "அது மாதிரி கட்டுங்களேன்" என்றேன். "அது அவுக வீடு சார். படத்துல வெளிப்பக்கம்தான் தெரியுது. உள்ள எப்படின்னு யாரு கண்டா?" என்று படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அந்த வருஷம் புதுத் துரை, காப்பகத்துக்குப் புதுக் கட்டடம் கட்ட உத்தரவு போட்டார். ஊருக்கு நல்ல சேதி. வரைபடம் எஸ்டேட் ஆபீஸில் இருந்தது. பதிவேடு வாங்கப் போன நான் அதைப் பார்த்துவிட்டு வந்து, பெருமையாக ஒரு சிலேட்டில் வரைந்து ஆயாம்மாவுக்குக் காட்டினேன். ஒரே நீள அறை. ஒரே கதவு. கதவை ஒட்டி அடுப்பு மேடை.

அவர் விரலால் சிலேட்டைத் தடவிப் பார்த்தார். "அடுப்பு வாசல்லயா சார் இருக்கு? அப்பம் பிள்ளைக அடுப்பத் தாண்டித்தான் வெளிய போணுமா?"

"அப்படித்தான் போட்டிருக்காங்க."

"பத்தொம்பது பிள்ள. இந்த அகலத்துல ரெண்டு வரிசை போட்டா ஒண்ணோட காலு இன்னொண்ணு தலையில இடிக்குமே. நீங்க சொல்லுங்க சார், ஆபீஸ்ல."

"நான் சொன்னா யாருங்க கேப்பாங்க?"

அவரே போய் சூப்பர்வைசரிடம் சொன்னார். "தொரை கையெழுத்து வெச்ச பிளான்ல ஆயா திருத்தம் போடுதா?" என்று அங்கே சிரித்திருக்கிறார்கள். ஆயாம்மா திரும்பி வந்து பாத்திரம் கழுவினார். கழுவிய சத்தத்தில் இரண்டு பிள்ளைகள் எழுந்துவிட்டன.

அப்போதுதான் குழந்தைகள் தின விழா அறிவிப்பு வந்தது. சுற்றுவட்டாரத்து எஸ்டேட்டுகள் எல்லாம் சேர்ந்து கீழே கிளப் மண்டபத்தில் கண்காட்சி. எஸ்டேட்டின் ஒவ்வொரு பிரிவும், அதாவது டிவிஷனும், கைக்குக் கிடைத்த பொருளை வைத்து ஒரு விண்கப்பல் செய்து கொண்டுவர வேண்டும். துரைசாணியின் யோசனை. அறிவிப்பை நான் படித்துச் சொன்னதும் ஆயாம்மா கேட்ட முதல் கேள்வி, "தொரை வந்து பாப்பாரா?"

"எல்லாத் துரைகளும் வருவாங்க. எஞ்சினியரும் வருவாரு."

"அப்பம் நான் செய்யுதேன். நம்ம எடத்துக்கு வந்தா தொரை குனிய மாட்டாரு சார். பொம்மைன்னா குனிவாரு. குனிஞ்சா மூடியத் தொறந்து காட்டிச் சொல்லிருவேன்."

எதற்காகச் செய்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் பிறகு நான் செய்ததற்குத் தெரியாமை என்று சாக்குச் சொல்ல முடியாது.

அவர் கட்டிய விதத்தை நினைத்தால் இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது. நானோ நீங்களோ ராக்கெட் செய்தால் முதலில் கூர்மூக்கைச் செய்வோம். அவர் முதலில் ஆட்களைச் செய்தார். எரிந்து அணைந்த தீக்குச்சிகள். ஒரு பிள்ளைக்கு ஒரு குச்சி. கைப்பிள்ளைக்குக் குட்டியாக ஒடித்தது, தவழும் பிள்ளைக்கு அரைக் குச்சி, ஓடும் பிள்ளைக்கு முக்கால். பத்தொன்பதும் பத்தொன்பது நீளம். ஆனால் கட்டில்களை மட்டும் முழுக் குச்சி நீளத்துக்கு, ஐந்து மொட்டு கணக்கில் கட்டினார்.

"சின்னதுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய கட்டில்?"

"பிள்ள வளரும்லா சார். கட்டில் வளருமா?"

கட்டில் அளவிலிருந்து அறையின் அகலம் வந்தது. அகலத்திலிருந்து கூரை வந்தது. கூரைக் கற்கள் நீளம் பத்தாமல் நடுவில் தொய்ந்தபோது, இரண்டு பக்கச் சுவரையும் மேலே போகப் போக ஒரு மொட்டு, ஒரு மொட்டாக உள்ளே தள்ளிக் கட்டி இடைவெளியைக் குறைத்தார். மூன்று தடவை இடிந்து விழுந்தது. நாலாம் தடவை கொத்தனார் வேலை செய்கிற இடத்தில் போய் நின்று, மேல் கல்லின் இணைப்பு கீழ்க் கல்லின் நடுவில் வருவதைப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு இடியவில்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு சன்னல் வைத்தார். "அம்புட்டு தூரம் போறவக வெளிய பாக்காம எப்படிப் போவாக?" அடுப்பை வாலில் வைத்தார். "ராக்கெட்டு எப்படியும் வால்லதான புகை விடும். அடுப்புப் புகையும் அது வழியாவே போகட்டுமே." அடுப்புக்கும் கட்டில்களுக்கும் நடுவில் பிள்ளைகள் தாண்ட முடியாத குட்டைச் சுவர். முன்பக்கம் ஒரு கதவு, பக்கவாட்டில் ஒரு கதவு.

"ராக்கெட்டும் பிள்ளைக எடமும் ஒண்ணுதான் சார். தொறந்து விடவும் முடியாது, அடைச்சுப் போடவும் முடியாது" என்றார். கூரை முழுவதையும் ஒரே மூடியாகச் செய்து, நாலு மூலையில் நாலே நாலு மொட்டில் மட்டும் உட்கார வைத்திருந்தார். இரண்டு விரலால் தூக்கலாம். தூக்கினால் பத்தொன்பது குச்சிகளும் வரிசையாகக் கால் நீட்டிப் படுத்திருக்கும். நடுவில் நடைபாதை. எனக்கே ஒரு கணம் அதற்குள் போய்ப் படுக்க வேண்டும் போல இருந்தது.

ஆனால் மூடியைப் போட்டுவிட்டால் அது பேக்கரி ரொட்டி மாதிரி இருந்தது. நீளமாக, உப்பலாக, கூர் என்பதே இல்லாமல்.

காப்பகத்துப் பிள்ளைகள் கையில் சிக்காமல் இருக்க அதை என் வகுப்பு அலமாரியின் மேல் வைத்திருந்தோம். விழாவுக்கு முந்தின நாள் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் அதிகமாகி, ஆயாம்மா அதைத் தூக்கிக்கொண்டு வண்டிப்பெரியார் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். போகும்போது அலமாரியைக் காட்டி, "பாத்துக்கோங்க சார்" என்றார்.

அன்று மத்தியானம் மேல் டிவிஷன் வாத்தியார் வந்தார். தகர டப்பாக்களை வைத்து ஆளுயர ராக்கெட் செய்து வெள்ளிப் பூச்சு பூசியிருப்பதாகச் சொன்னார். அலமாரியைப் பார்த்தார். "இதென்ன பாலக்காட்டுப் பலகாரமா? சாயாவுக்குத் தொட்டுக்கவா?" என்று சிரித்தார். நான் சிரித்து அனுப்பினேன். அவர் போன பிறகும் என் காதுக்குள் அவருடைய சிரிப்பு நிற்கவில்லை. நாளைக்கு இருநூறு பேர் முன்னால் இந்த ரொட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கப் போவது நான்தானே. எனக்கு முன்கோபமும் உண்டு, வெட்கமும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் புத்தி வேலை செய்யாது.

அலமாரியிலிருந்து இறக்கினேன். கூர்மூக்கு வேண்டும், வாலில் மூன்று இறக்கை வேண்டும். மிச்சக் கல் ஒன்றுகூட இல்லை. மூடியைத் தூக்கினேன். உள்ளே வேண்டிய மட்டும் கல் இருந்தது.

நான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம் இதுதான்: தோற்ற ராக்கெட்டின் மூடியை யார் திறந்து பார்ப்பார்கள்? முதலில் ஜெயிக்கட்டும். ஜெயித்தால் துரையே கூப்பிட்டுப் பேசுவார். அப்போது ஆயாம்மா வாயால் சொல்லிக்கொள்ளட்டுமே. கட்டில்களைப் பிடுங்கினேன். குட்டைச் சுவரைப் பிடுங்கினேன். பக்கவாட்டுக் கதவை அடைத்து அந்தக் கல்லையும் எடுத்துக்கொண்டேன். மூக்கு அழகாக வந்தது. ஜீப் குலுக்கலில் மூடி கழன்று விழக்கூடாதே என்று சுற்றிலும் ஒரு வரிசை கல் வைத்து, உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினேன். டிக், டிக் என்று எல்லா மொட்டும் பிடித்துக்கொண்டது. கட்டில்களைப் பிடுங்கியபோது மேஜையில் உதிர்ந்த தீக்குச்சிகளை அளவெடுத்து முடிந்த குப்பை என்று வாரி, டீ போடும் அடுப்பில் போட்டேன். எத்தனை என்று எண்ணவில்லை.

மறுநாள் காலை ஆயாம்மா சர்ச்சுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையில் வந்தார். காய்ச்சல் பிள்ளை தேறிவிட்டது என்றார். ராக்கெட்டை நான் முன்பே தேயிலைப் பெட்டியில் வைத்துத் துணியால் மூடிவிட்டிருந்தேன். பார்த்ததும் அசந்துபோகட்டும் என்று எண்ணம். ஜீப்பில் அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார். பெரிய வளைவு ஒன்றில், "மெதுவாப் போப்பா, உள்ள பிள்ளைக உருளுது" என்று டிரைவரை அதட்டினார். டிரைவர் சிரித்தான். நானும் சிரித்தேன். என்னால் அந்தச் சிரிப்பைத்தான் மன்னிக்க முடியவில்லை.

மண்டபத்தில் துணியை எடுத்தபோது அவர் மூக்கைப் பார்த்தார், இறக்கையைப் பார்த்தார். "நான்தானுங்க கொஞ்சம் திருத்தினேன். எப்படி?" என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் துரைகளும் துரைசாணிகளும் எங்கள் மேஜைக்கு வந்துவிட்டார்கள்.

என் கணக்கு பலித்தது. துரைசாணி கை தட்டினார். யார் செய்தது என்று கேட்டார். நான் ஆயாம்மாவை முன்னால் தள்ளி, "இவங்கதானுங்க" என்றேன். அந்த மட்டும் நான் யோக்கியன். துரை குனிந்தார். ஆயாம்மா சொன்ன மாதிரியே இடுப்பை வளைத்து நன்றாகக் குனிந்தார். பக்கத்தில் எஞ்சினியரும் குனிந்து, "ஆயாம்மே, இது தொறக்குமோ?" என்று கேட்டார்.

ஆயாம்மாவின் இரண்டு விரல்கள் மூடியின் ஓரத்துக்குப் போயின. தூக்கினார். வரவில்லை. இன்னொரு முறை தூக்கினார். ராக்கெட் முழுசாக மேஜையை விட்டு எழும்பியது, மூடி மட்டும் கழலவில்லை. உள்ளே எதுவும் ஆடுகிற சத்தம் இல்லை. அவர் அதைக் காதருகே வைத்து ஒருதரம் அசைத்துப் பார்த்தார். பிறகு மேஜையில் வைத்துவிட்டார்.

"உள்ள என்ன?" என்றார் துரை, அவருடைய ஓட்டைத் தமிழில்.

ஆயாம்மா என்னைப் பார்த்தார். நான் அப்போது வாய் திறந்திருக்கலாம். 'ஐயா, இதற்குள் இவர் ஒரு காப்பகம் கட்டியிருந்தார், நான் பிடுங்கிவிட்டேன், இவர் சொல்வதைக் கேளுங்கள்' என்று இரண்டே வரி. மேல் டிவிஷன் வாத்தியார் வெள்ளி ராக்கெட்டுக்குப் பக்கத்தில் முகம் சுண்டி நிற்பது தெரிந்தது. கைதட்டல் இன்னும் ஓயவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"உள்ள ஒண்ணுமில்ல தொரைகளே" என்றார் ஆயாம்மா.

துரை நிமிர்ந்துவிட்டார். முதல் பரிசு எங்களுக்குத்தான். மூடி போட்ட ஒரு எவர்சில்வர் தூக்குவாளி.

திரும்பி வரும்போது பெட்டி என் மடியில் இருந்தது. பாதி வழியில் அவர் கேட்டார், "சார், பிள்ளைக எங்க?"

எந்தப் பிள்ளைகள் என்று எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும், "பத்திரமா எடுத்து வெச்சிருக்கேனுங்க" என்றேன். வாத்தியார் வாயில் அவ்வளவு சுலபமாகப் பொய் வந்தது. வீட்டுக்குப் போனதும் ஒரு புதுத் தீப்பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கொளுத்தி ஊதி அணைத்து, பழைய பெட்டி ஒன்றில் போட்டேன். பத்தொன்பதுக்குக் கணக்குத் தவறி இருபது ஆகிவிட்டது போலிருக்கிறது. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆயாம்மா பெட்டியைத் திறந்து, குச்சிகளை உள்ளங்கையில் பரப்பி, வரிசையாக வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒரே நீளம்.

"ஒரே நாள்ல எல்லாப் பிள்ளைகளும் வளந்துட்டாகளே சார்" என்றார். "புதுசா ஒண்ணு பொறந்தும் இருக்கு."

சேலை முந்தியில் முடிந்துகொண்டு போய்விட்டார். அவர் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். மூன்றாம் லயம் வரை கேட்கிற அந்தத் தொண்டை எனக்காக ஒருமுறைகூடத் திறக்கவில்லை. தண்ணீர் கொண்டுவருவது நிற்கவில்லை. என் 'ங்க'வைக் கிண்டல் செய்வது மட்டும் நின்றுபோனது.

புதுக் காப்பகம் வரைபடத்தில் இருந்தபடியே எழும்பியது. திறப்பு விழாவில் மாலை எல்லாம் போட்டு முடிந்ததும், துரை ஆயாம்மாவிடம் எப்படி என்று கேட்டார். "நல்லாருக்கு தொரை, வெள்ளையா இருக்கு" என்றார் அவர். எல்லோரும் போன பிறகு சுவரோரம் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினார். எதிர் வரிசைக்கு விரித்திருந்த பாயின் தலைமாட்டுக்கு மேல் அவர் பாதம் போய் நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மடக்கிக்கொண்டார். நான் வாசலில் நின்றேன், அடுப்பு மேடைக்குப் பக்கத்தில்.

ஆயாம்மா தன்னால் ஆனதைச் செய்தார். ஒரு பெஞ்சை அடுப்புக்குக் குறுக்கே போட்டார். ஒற்றைக் கதவின் வழியை அது மறிக்கிறது என்று எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வாசலில் வந்து நின்ற அம்மாவைப் பார்த்துவிட்டு மூன்று வயதுப் பெண் ஒன்று ஓடியது. ஆயாம்மா கையில் இன்னொரு பிள்ளை. எட்டிப் பிடிப்பதற்குள் அது அடுப்பிலிருந்து இறக்கி வைத்திருந்த கஞ்சிப் பானையில் காலை விட்டுவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. இடது கால், முழங்காலிலிருந்து பாதம் வரை. ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அதன் அம்மாவோடு ஆயாம்மாவும் இருந்தார். அதற்குப் பிறகு ஆபீஸிலிருந்து ஆள் வந்து அடுப்பை வெளியே மாற்றினார்கள். அரை நாள் வேலை. அவ்வளவுதான்.

ஆயாம்மாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது, கவனக்குறைவு என்று. அதைப் படித்துச் சொல்லும்படி என்னிடம்தான் கொண்டுவந்தார். படித்துச் சொன்னேன். மடித்து வாங்கிக்கொண்டு போனார். அன்றும் நான் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஜூன் மாதத்தில் பள்ளி திறந்த அன்று, அந்தப் பெண்ணை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஆயாம்மாதான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அம்மா மலைக்கு இலை பறிக்கப் போயிருந்தாள். புதுப் பாவாடைக்குக் கீழே அந்தக் கால் சுருங்கி, பளபளவென்று இருந்தது. நான் பதிவேட்டில் பெயரை எழுதினேன்.

"இவ மூணாவது கட்டில் சார்" என்றார் ஆயாம்மா.

வகுப்பில் பிள்ளைகள் போட்ட கூச்சலில் அது வேறு யார் காதிலும் விழுந்திருக்காது.

"முன்னால உக்கார வைங்க. ரொம்ப நேரம் மடக்குனா தோலு இழுக்கும், அழுவா."

நான் எழுந்துவிட்டேன். "ஆயாம்மா, அந்தக் குச்சியெல்லாம் அடுப்புல போட்டது நானுங்க. பத்திரமா வெச்சிருக்கேன்னு சொன்னது பொய்யிங்க. அன்னைக்கு மண்டபத்துல நான் பேசியிருக்கணுமுங்க" என்றேன்.

"தெரியும் சார்" என்றார். அவர் கண் என் மேல் இல்லை, தரையில் இருந்தது. "பெஞ்ச நகத்துங்க."

முதல் பெஞ்சைப் பின்னால் தள்ளினேன். அந்தப் பெண் உட்கார்ந்து காலை நீட்டினாள். ஆயாம்மா குனிந்து, அவள் பாதத்துக்கும் என் மேஜைக்கும் நடுவில் கையை விரித்து வைத்துப் பார்த்தார்.

"இன்னும் ஒரு சாண்" என்றார்.

நகர்த்தினேன்.